மரவள்ளியும் மரபணுவும்

மலேசியத் தமிழர் வரலாற்றில் மரவள்ளிக்கிழங்குக்குத் தனியிடம் ஒன்று உண்டு. இன்று மாடிக் குடியிருப்புகளும் உணவகங்களும் நிறைந்து விளங்கும் பங்சார், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. பூஞ்ச், கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் இணைந்து மருவியே 'பங்சார்' ஆயிற்று என்பர். அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும், கிள்ளான் வரையிலும் பரந்து கிடந்த தோட்டங்களின் மக்களும் 'சப்பான்காரன் காலம்' என்று பின்னாளில் வழங்கிய அந்த மூன்றரை ஆண்டுகளை எதனை உண்டு கடந்தனர் என்று வினவினால், முதியோர் சொல்லும் விடை ஒன்றே. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு.

கோலாலம்பூர் 1942ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் சப்பானியர் கைக்கு மாறியது. மார்ச்சுத் திங்களில் இரங்கூனும் வீழ்ந்தது. அதுவரை மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் நாடுகளிலிருந்தே பெற்று வந்தது. கப்பல்கள் நின்றபின் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. பிறகு பங்கீடும் சுருங்கிற்று. வீட்டுக் கொல்லையிலும், பால்மரங்களின் இடைவெளியிலும், சாலையோரத்திலும் மரவள்ளிக் குச்சிகள் ஊன்றப்பட்டன. உரமும் உழவும் வேண்டாது எம்மண்ணிலும் வளரும் அச்செடி, பல குடும்பங்களுக்குக் காலை, நண்பகல், இரவு என மூவேளை உணவாயிற்று.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. திருவிதாங்கூர்ச் சமத்தானமும் பர்மா அரிசியை நம்பியே வாழ்ந்த நாடு. போர்த்துக்கீசியர் வாயிலாகப் பிரேசிலிலிருந்து வந்த மரவள்ளியை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா மன்னர் ஏழைகளின் பஞ்சம் தீர்க்கும் பயிராகக் கருதி அங்கே பரப்பினார். இரங்கூன் வீழ்ந்த பின்னர் அதுவே அங்குள்ள எளிய மக்களின் முதன்மை உணவாயிற்று. மலாயாவில் போர் முடிந்து அரிசி மீண்டதும் கிழங்கு பின்வாங்கியது. கேரளத்திலோ அது போருக்குப் பின்னும் நெடுங்காலம் ஏழைகளின் தட்டில் நிலைத்து நின்றது.

இந்த ஏழையின் உணவின்மேல் பின்னர் ஒரு கொடிய குற்றச்சாட்டு எழுந்தது. மனிதனின் கணையத்தைக் கல்லாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது என்பதே அக்குற்றச்சாட்டு.

1959இல் சூய்டெமா என்னும் டச்சு மருத்துவர் ஜகார்த்தாவில் தாம் கண்ட நோயாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊட்டமின்றி மெலிந்த ஏழை மக்கள் சிலரின் கணையம் இறுகிச் சுண்ணக் கற்கள் நிறைந்திருந்தது. அவர்களுக்கு நீரிழிவும் இருந்தது. மது அருந்துவோருக்கு வரும் கணைய நோயை மேலை மருத்துவம் அறிந்திருந்தது. இவர்கள் மது அருந்துவோர் அல்லர். ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் இத்தகைய நோயாளர்களை ஒருவர்பின் ஒருவராகப் பார்த்துக் குறித்து வைத்தார். 1968இல் 'கணைய நீரிழிவு' பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அவர் தீட்டிக் காட்டிய நோயின் போக்கு மருத்துவ மாணவர் பலரும் அறிந்ததாயிற்று. சிறுவயதில் அடிக்கடி வயிற்றுவலி. பருவம் எய்துங்காலத்தில் நீரிழிவு. வாழ்வின் நடுப்பகுதியில் மரணம். இஃது 'வெப்பநாட்டுக் கணைய அழற்சி' என்று பெயர் பெற்றது.

நோய் மிகுந்த இடம் கேரளம். மரவள்ளி மிகுதியாக உண்ட இடமும் கேரளம். இரண்டையும் இணைத்துப் பார்த்தல் இயல்பே. மரவள்ளியில் லினமரின் என்னும் பொருள் உண்டு. அது சிதையும்போது சயனைடு பிறக்கிறது. நல்ல புரத உணவில் உள்ள கந்தக அமினோ அமிலங்களின் துணைகொண்டு உடல் அந்நஞ்சைத் தீங்கற்றதாக மாற்றிவிடும். புரதம் இல்லாத ஏழையின் உடலுக்கு அந்த ஆற்றல் குறைவு. ஆகவே நஞ்சு தங்கிக் கணையத்தை அழிக்கிறது. 1979இல் மக்மில்லன் என்பாரும் கீவர்கீசும் வெளியிட்ட இக்கருத்து செம்மையாகவே அமைந்திருந்தது. நஞ்சு, வறுமை, நோய் ஆகிய மூன்றையும் ஒரே இழையில் கோத்த கருத்து அது. 1985இல் உலக நல நிறுவனத்தின் ஆய்வுக்குழு 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என ஒரு தனி வகையை வகுத்து, அதில் இந்நோயையும் சேர்த்தது.

அவ்வாறாயின், போர்க்காலத்தில் கிழங்கை உண்டே வளர்ந்த மலாயாத் தலைமுறையும் அந்த ஐயத்தின் நிழலில் நிற்க வேண்டியதாகும். மூன்றரை ஆண்டு உணவு வாழ்நாள் நோயைத் தருமா என்பது வேறு வினா. ஆயினும் தாய் தன் பிள்ளைக்கு வேறு வழியின்றி ஊட்டிய உணவே அப்பிள்ளையைக் கொல்லும் நஞ்சு என்று மருத்துவம் தீர்ப்பளித்தால், அத்தீர்ப்புக்கு மறுக்கவியலாத சான்று வேண்டும். இங்கேதான் வழக்குத் தளர்ந்தது.

முதல் தளர்ச்சி சென்னையிலிருந்து வந்தது. நீரிழிவு மருத்துவத்தில் முன்னோடியான எம். விசுவநாதனும், அவர்தம் மகனான வி. மோகனும் இந்நோய்க்கு ஆளான தமிழ்நாட்டவர் பலரை ஆராய்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மரவள்ளியை உணவாகக் கொள்ளாதவர்கள். மெலிவும் எல்லாரிடமும் இல்லை. மேலும் மெலிவு நோயால் வந்ததா, நோய் மெலிவால் வந்ததா என்பதையும் எளிதில் சொல்ல இயலவில்லை. செரிப்பு நீர் சுரக்காத கணையம் உடையவன் மெலியத்தானே செய்வான்? ஆப்பிரிக்காவில் மரவள்ளியையே முதன்மை உணவாகக் கொண்ட பகுதிகள் பலவற்றில் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 2000இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி ஊட்டிப் பார்த்த சோதனை முடிவு வெளியாயிற்று. எலிகளுக்கு நீரிழிவும் வரவில்லை. கணைய அழற்சியும் வரவில்லை.

நடுநிலையுடன் ஒன்று கூறுதல் வேண்டும். மரவள்ளி முற்றிலும் தீங்கற்றது அன்று. சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்புக் கிழங்கைப் பஞ்சகாலத்தில் உண்ட ஆப்பிரிக்க மக்களுக்குக் கால்கள் முடங்கும் 'கொன்சோ' என்னும் நோய் வந்ததுண்டு. தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிடும் பழக்கம் நம் முன்னோரின் அறிவுடைமைக்குச் சான்று. ஆனால் கணையத்தைப் பொறுத்தவரை கிழங்கின்மேல் சாற்றிய குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

பின் எது காரணம்? விடை தேடக் கணையத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணையம் இறைச்சியையே கரைக்கவல்ல நீரைச் சுரப்பது. தான் சுரக்கும் நீரால் தானே ஏன் கரைந்து போவதில்லை என்பது பழைய வினா. டிரிப்சின் என்னும் நொதி கணையத்துள் இருக்கும்போது உறையிலிட்ட வாள்போல் செயலற்றிருக்கிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே உறை கழல்கிறது. தவறி உள்ளேயே உறை கழன்றால், அதனைப் பற்றி அடக்கத் தடைப்புரதம் ஒன்று காவலுக்கு நிற்கிறது. அக்காவலையும் மீறினால் டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு அழியும் ஏற்பாடும் உண்டு. கணையம் தன்னையே செரிப்பதால்தான் அழற்சி உண்டாகிறது என்று ஆன்சு கியாரி என்னும் மருத்துவர் 1896இலேயே கூறினார். அதனை மெய்ப்பிக்கச் சரியாக நூறாண்டுகள் ஆயின.

1952இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கம்ஃபர்ட், ஸ்டைன்பர்க் இருவரும், கணைய அழற்சி ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் வருவதைக் கண்டு எழுதினர். 1996இல் பிட்சுபர்கு நகரின் டேவிட் விட்கோம் குழுவினர் அத்தகைய குடும்பங்களில் குறை எங்கே என்பதைக் கண்டறிந்தனர். டிரிப்சினைத் தரும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றம் நேர்ந்த இடமோ டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் அதே இடம். வெட்டுவாய் மறைந்ததால் வாள் அழியாமல் உள்ளேயே சுழன்றது. கியாரி ஊகித்தது சரியே என்று உறுதியாயிற்று.

அடுத்துக் காவற்புரதத்தின்மீது கண் சென்றது. 2000இல் செருமனியில் ஐக்கோ விட் தலைமையிலான குழு, நாட்பட்ட கணைய அழற்சியுற்ற 96 சிறார், இளைஞரை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்கு 23 பேரிடம் 'ஸ்பிங்க்-1' என்னும் அக்காவல் மரபணுவில் பிறழ்வு இருப்பதைக் கண்டது. அப்புரதத்தின் 34ஆம் இடத்தில் அசுபராசின் இருக்க வேண்டிய இருக்கையில் செரின் அமர்ந்திருந்ததே அப்பிறழ்வுகளுள் மிகுதி. இரண்டே ஆண்டுகளில், 2002இல், ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தின் கிரிராஜ் சந்தக்கும் அவர்தம் துணைவர்களும் இந்திய நோயாளரிடம் அதே சோதனையைச் செய்தனர். டிரிப்சின் மரபணு மாற்றம் இந்தியரிடம் இல்லை. காவல் மரபணுவின் பிறழ்வு மிகுதியாக இருந்தது. இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் நடந்த பிற ஆய்வுகளும் அவ்வாறே கூறின. சிலவற்றில் நோயாளருள் மூன்றில் ஒருவரிடமும், சிலவற்றில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் அது காணப்பட்டது. நோயற்றவரிடமோ நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் மட்டுமே.

கிழங்கு விடுதலை பெற்றது. மரபணு கூண்டில் ஏறியது. அத்துடன் கதை முடிந்தது என்று எண்ணியவர்கள் உண்டு. அஃது அவசரம். அப்பிறழ்வைத் தாங்கியும் வாழ்நாள் முழுதும் நலமாக இருப்போர் மிகப் பலர். அது மட்டுமன்று, ஆய்வுக்கூடத்தில் அம்மாறிய புரதத்தைச் செய்து பார்த்தபோது, அது டிரிப்சினை அடக்கும் திறனில் குறைந்ததாகவே தெரியவில்லை. ஆகவே அஃது உண்மைக் குற்றவாளியா, குற்றவாளியின் அருகில் நிற்பவனா என்பது இன்னும் வழக்காடப்படுகிறது. 2006இல் ஐதராபாத்துக் குழு கதெப்சின்-பி என்னும் வேறொரு மரபணுவின் மாற்றத்தையும் சுட்டியது. அதுவோ டிரிப்சினின் உறையைக் கழற்றும் நொதி. பிறழ்வுகள் பல சேரவேண்டும் போலும்.

இன்னொரு செய்தியும் சிந்தனைக்குரியது. சென்னையில் வி. மோகன் நடத்தும் நீரிழிவு மையத்திற்கு வந்தோருள் இந்நோயாளர் 1991 முதல் 1995 வரை நூற்றுக்கு 1.6 ஆக இருந்தனர். 2006 முதல் 2010 வரை 0.2 ஆகக் குறைந்தனர். பிற வகை நீரிழிவு பெருவெள்ளமாய்ப் பெருகியதால் இவ்விழுக்காடு சுருங்கியதும் உண்மையாகலாம். எனினும் இளம் பிள்ளைகள் எலும்பும் தோலுமாய் வந்து நின்ற பழைய காட்சி அருகிவிட்டது. இந்தியா முழுவதிலும் 1086 நோயாளரை ஆராய்ந்து 2008இல் வெளியான அறிக்கையும், கீவர்கீசு தீட்டிய அந்தப் பழைய வடிவம் நூற்றுக்கு நால்வரிடங்கூட இல்லை என்று காட்டிற்று. ஒரு தலைமுறைக்குள் ஒரு மக்களின் மரபணு மாறாது. மாறியவை சோறும், நீரும், மருத்துவ வசதியுமே. குற்றம் கிழங்கினது அன்று என்பதனால் வறுமை குற்றமற்றதாகிவிடாது. கீவர்கீசின் விளக்கம் பிழைபட்டிருக்கலாம். அவர் கண்ட ஏழைமை பிழையன்று. 1999இல் உலக நல நிறுவனம் 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்னும் வகையை நீக்கியபோது, நோயின் பெயரிலிருந்து பசி அகன்றது. அது நோயாளியின் வயிற்றிலிருந்து முன்னரே அகன்றிருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

இந்நோயின் கொடுமை வலியோடும் நீரிழிவோடும் நிற்பதில்லை. சுரேஷ் சாரி, மோகன், விசுவநாதன் முதலியோர் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சென்னையில் 185 நோயாளரைத் தொடர்ந்து கவனித்ததில் 24 பேர் இறந்தனர். அவர்களுள் அறுவர் கணையப் புற்றுநோயால் மாண்டவர்கள். பொதுமக்களுக்கு உள்ள வாய்ப்போடு ஒப்பிட்டால் இஃது ஏறத்தாழ நூறு மடங்கு. அதுவும் பிறருக்கு அறுபதுக்கு மேல் வரும் புற்று, இவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே வந்தது. பரம்பரைக் கணைய அழற்சியிலும் ஆபத்து ஐம்பது மடங்குக்கு மேல் என்று 1997இல் லோவன்ஃபெல்சு குழுவினர் அறிவித்தனர்.

இங்கே மரபணுப் பிறழ்வு என்னும் சொல் வேறு பொருள் கொள்கிறது. ஸ்பிங்க்-1 பிறழ்வு பெற்றோர் தந்தது; உடலின் ஒவ்வோர் அணுவிலும் இருப்பது. புற்றுக்குரிய பிறழ்வோ பிறந்தபின் கணையத்தின் ஏதோ ஓர் அணுவில் நேர்வது. அழற்சியால் அழிந்த இடத்தை நிரப்ப அணுக்கள் ஓயாது பிரிகின்றன. ஏட்டைப் பலமுறை படியெடுப்பவன் எங்கேனும் பிழை செய்வதுபோல், பிரியுந்தோறும் எழுத்துப் பிழை நேரும் வாய்ப்பு மிகுகிறது. 1988இல் அல்மொகேராவும் துணைவர்களும் கணையப் புற்றுக் கட்டிகள் 22ஐ ஆராய்ந்ததில் 21இல் கே-ராஸ் என்னும் ஒரே மரபணு பழுதுபட்டிருந்தது. அணுவுக்கு 'வளர்க' என்று ஆணையிட்டுப் பின் அடங்க வேண்டிய அம்மரபணு, பழுதுபட்டால் அடங்குவதில்லை. அடக்கும் மரபணுக்கள் மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாய் இழக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான சுமாடு-4, 1996இல் கணையப் புற்றிலேயே முதன்முதல் கண்டறியப்பட்டது.

மருந்துக்கு இப்புற்று எளிதில் பணியாமைக்குக் காரணமும் பெரும்பாலும் அந்தக் கே-ராஸே. அதன் புரதத்தின் மேற்பரப்பில் மருந்து சென்று பொருந்தக் குழி எதுவும் தெரியவில்லை. கால் நூற்றாண்டு முயன்று, 2013இல் 'ஜி-12-சி' என்னும் ஒரு வகைப் பிறழ்வில் மட்டும் குழியொன்று கண்டனர். 2021இல் அதற்குரிய மருந்து நுரையீரல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. கணையத்திலோ அவ்வகை நூற்றுக்கு ஓரிருவரிடம்தான் உண்டு. பொதுவான மருந்துகளின் வரலாறு அதனினும் மெல்ல நகர்ந்தது. 1997இல் ஜெம்சிட்டபின் சராசரி வாழ்நாளை நாலரைத் திங்களிலிருந்து ஐந்தரைத் திங்களுக்குச் சற்று மேலாக நீட்டியதே பெருவெற்றியாகப் போற்றப்பட்டது. 2011இல் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு முறை அதனைப் பதினொரு திங்கள் ஆக்கிற்று.

ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவர் தேறுகிறார், மற்றவர் தேறுவதில்லை. இதன் விடை சிலரிடத்தில் மரபணுவில் கிடைத்தது. மார்பகப் புற்றோடு தொடர்புடையதென அறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் பிறவியிலேயே பழுதுடையோர், கணையப் புற்றாளருள் நூற்றுக்கு நால்வர் முதல் எழுவர் வரை உள்ளனர். அறுந்த டி.என்.ஏ. இழையைப் பிழையின்றி முடிபோடும் திறன் அவர்தம் புற்றணுவுக்கு இல்லை. எனவே இழையைச் சிதைக்கும் பிளாட்டினம் மருந்துகளுக்கு அது விரைவில் பணிகிறது. மிச்சமிருக்கும் மாற்று வழியையும் ஓலாபரிப் என்னும் மருந்து அடைத்துவிடுகிறது. 2019இல் வெளியான ஆய்வில் 154 நோயாளர் பங்கேற்றனர். புற்று மீண்டும் வளராதிருந்த காலம் 3.8 திங்களிலிருந்து 7.4 திங்கள் ஆயிற்று. மொத்த ஆயுளோ நீளவில்லை. புற்றை வளர்த்த பிறழ்வு ஒன்று, அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்த பிறழ்வு மற்றொன்று.

சென்னையில் மாண்ட அந்த அறுவர் போன்றோரின் இடர் இவற்றால் முற்றும் தீரவில்லை. உடல் மெலிதல், வயிற்றுவலி, சர்க்கரை ஏறுதல் ஆகியன பிறருக்குப் புற்றின் எச்சரிக்கைகள். இவர்களுக்கோ அவை இருபதாண்டுப் பழக்கம். பழைய நோயே புதிய நோய்க்குத் திரையாகிறது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிறழ்வுகளை எண்ணிக் கணக்கிட்டதில், முதற் பிறழ்விலிருந்து புற்றணு தோன்றப் பத்தாண்டுகளுக்கு மேலும், அது பிற உறுப்புகளுக்குப் பரவும் ஆற்றல் பெற மேலும் ஐந்தாறு ஆண்டுகளும் ஆகின்றன என்று தெரிந்தது. காலம் இருக்கிறது, கண்டுகொள்ளும் அடையாளம் இல்லை.

அந்த அடையாளத்தைத் தேடிச் சென்றவர்களுள் 1994ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வின் முதலாசிரியரான அதே சுரேஷ் சாரியும் ஒருவர். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றியபோது அவர் நோக்கைத் திருப்பிப் பார்த்தார். நாட்பட்ட கணைய நோயாளருக்கு நீரிழிவுக்குப் பின் புற்று வருமாயின், நலமாயிருந்த ஒருவருக்கு முதுமையில் திடீரென வரும் நீரிழிவு, மறைந்திருக்கும் புற்றின் குரலாக இருக்கலாகாதா? ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்ட 2122 பேரின் ஏடுகளை அவரும் துணைவர்களும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். மூன்றாண்டுகளுக்குள் அவர்களுள் 18 பேருக்குக் கணையப் புற்று வெளிப்பட்டிருந்தது. எஞ்சிய 2104 பேரைச் சோதனைகளால் வருத்தாமல் அந்தப் பதினெண்மரை முன்கூட்டியே பிரித்தறிவது எப்படி என்பதே அதன்பின் அவர் மேற்கொண்ட பணியாயிற்று.